ஓட்ஸியின் அம்பறாத்தூணி: முடியாத 12 அம்புகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்து பனியில் உறைந்துகிடந்த ஓட்ஸி என்ற மனிதனிடம் 14 அம்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட எய்யும் நிலையில் யாரும் கண்டெடுக்கவில்லை. 12 அம்புகள் வெறும் தண்டுகள். முனையும் இல்லை, இறகும் இல்லை. முழுதாகச் செய்துமுடித்த மற்ற இரண்டும் உடைந்திருந்தன. அவற்றை ஏற்ற வேண்டிய வில்லோ, கோடரித் தடம்கூட மறையாத யூ மரக் கட்டை.

இந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: ஆள் ஆயத்தமில்லாமல் ஓடிவந்திருக்கிறான். உடலைத் தொடக்கத்தில் ஆராய்ந்த இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் கொன்ராட் ஸ்பிண்ட்லரும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார். ஊரில் ஏதோ கலவரம், கருவிகளுக்குச் சேதம், மிஞ்சியதை அள்ளிக்கொண்டு மலையை நோக்கி ஓட்டம். கதை நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அம்பு செய்யும் வேலை எந்த வரிசையில் நடக்கும் என்பதை அறிந்து அதே பொருள்களைப் பார்த்தால் கதை மாறுகிறது. அந்த 12 தண்டுகளும் அவசரத்தில் கைவிட்ட வேலையாக எனக்குத் தெரியவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ சரியாக அங்கே நிறுத்தி வைத்த வேலையாகவே தெரிகின்றன. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

கிடைத்தது என்ன

1991 செப்டம்பர் 19 அன்று ஹெல்முட் சைமன், எரிகா சைமன் என்ற ஜெர்மன் தம்பதியர், இத்தாலி - ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய டிசென்யோக் கணவாய்க்கு அருகில், உருகும் பனியிலிருந்து பாதி வெளியே தெரிந்த உடலைக் கண்டனர். அண்மையில் இறந்த மலையேறி ஒருவர் என்றே முதலில் எல்லோரும் நினைத்தார்கள். கரிமக் காலக்கணிப்பு சொன்னது வேறு: அந்த மனிதன் இறந்தது கி.மு. 3350க்கும் 3100க்கும் இடைப்பட்ட காலத்தில். வயது ஏறத்தாழ 45. உயரம் சுமார் 160 செ.மீ. ஓட்ஸி என்று பெயரிடப்பட்ட அவனும் அவனுடைய பொருள்களும் இப்போது போல்சானோ நகரின் தெற்கு டைரோல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மீட்ட விதத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த முறிவு பழையது, எது புதியது என்ற கேள்வி இந்த ஆய்வு முழுக்கத் தொடரும். பனியை உடைக்கக் கொண்டுவந்த காற்றழுத்தத் துளைக்கருவி இடுப்புப் பகுதியைக் கிழித்துவிட்டது. பாறையோரம் நின்றிருந்த வில்லின் ஒரு முனை பனிக்குள் இறுகியிருந்தது. எடுக்கும்போது அது முறிந்தது. மீதித் துண்டு 1992ஆம் ஆண்டு அகழ்வில்தான் கிடைத்தது. ஐந்தாயிரம் ஆண்டு தாங்கிய வில், கண்டெடுத்த வாரத்திலேயே ஒடிந்தது.

அம்பறாத்தூணி உடலுக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்தது. நீண்ட தோல் பை, மேலே மூடி, ஒரு பக்கம் வளையாமல் நிற்பதற்கு ஹேசல் மரக்குச்சி ஒன்று வைத்துத் தைத்திருக்கிறது. தோல் ஷாமுவா எனும் மலையாட்டினுடையது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 2016இல் வெளியான மரபணு ஆய்வு அதை ரோ மானின் தோல் என்று திருத்தியது. அந்தப் பக்கக் குச்சி மூன்று துண்டாக உடைந்திருந்தது. ஸ்பிண்ட்லரின் கதைக்கு இது பெரிய சான்று: சண்டையில் உடைந்த தூணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்பது.

2022இல் ‘தி ஹோலோசீன்’ ஆய்விதழில் பனிப்பாறைத் தொல்லியலாளர் லார்ஸ் பிலோவும் உடனிருந்தோரும் இதை மறுத்தார்கள். பனியின் அழுத்தமும், உருகி மீண்டும் உறையும் ஓட்டமும் பொருள்களை நகர்த்தவும் உடைக்கவும் போதுமானவை. உடைசல்களுக்கு ஒரு சண்டையைக் கற்பிக்கத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: பனி ஒரு தண்டை முறிக்கும், தூணியை நசுக்கும். ஆனால் கட்டிய இறகை 12 தண்டுகளிலிருந்தும் சுவடில்லாமல் கழற்றி, பசையையும் துடைத்துவைக்காது. உடைந்தவற்றைப் பனியின் கணக்கில் எழுதலாம். முடியாதவை அவன் கணக்கில்தான் வரும்.

வில்

நீளம் 182 செ.மீ. செய்தவனைவிட ஒரு சாண் உயரம். இது பலருக்கு வியப்பாக இருக்கிறது, இருக்க வேண்டியதில்லை. ஒரே மரத்துண்டில் செய்த வில்லுக்கு நீளம்தான் காப்பு. வளைவு நீண்ட தூரத்துக்குப் பரவுவதால் எந்த ஓரிடத்திலும் மரத்துக்கு அளவுக்கு மீறிய இழுவை விழாது. நாண் விரலைக் கடுங்கோணத்தில் நெரிக்காது. புதர்க்காட்டில் நீள வில் தொல்லை தரும். மரமே இல்லாத மலைமுகட்டில் அந்தத் தொல்லையும் இல்லை.

யூ மரத்தைத் தேர்ந்ததற்கு விளக்கம் தேவைப்படாது. அதன் வெளிறு (பட்டையை ஒட்டிய இளமரம்) இழுவிசையைத் தாங்கும், வைரம் (நடுக்கட்டை) அழுத்தத்தைத் தாங்கும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலில் கிடைத்த நெடுவிற்களும் யூ மரம்தான். இடையில் ஏறத்தாழ 4,800 ஆண்டுகள் கடந்தும் ஐரோப்பாவில் வில்லுக்கான மரம் மாறவில்லை.

வில் முடியவில்லை என்பதற்கு நாண் மாட்டும் வெட்டு இல்லாததைப் பலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அது மட்டும் போதாது. நுனியைக் கூராகச் சீவி, நாணை அப்படியே இறுக்கிக் கட்டுகிற வில்களும் உண்டு. உண்மையான சாட்சி மேற்பரப்பில் இருக்கிறது. கோடரியால் செதுக்கிய தடங்கள் வரிவரியாக அப்படியே நிற்கின்றன. அத்தகைய ஒவ்வொரு வெட்டுத் தடமும் முறிவு தொடங்கக்கூடிய இடம் என்பதை வில் செய்பவர் அறிவார். முழு இழுவைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் சுரண்டி வழவழப்பாக்கியே தீர்வார்.

அதைவிட முக்கியமானது வளைவைச் சரிப்படுத்தும் வேலை. வில்லைச் சிறிது வளைத்து, எந்தக் கரம் (வில்லின் மேல் அல்லது கீழ்ப் பாதி) விறைத்து நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கத்தில், அதாவது எய்பவரை நோக்கிய பக்கத்தில், ஒரு சீவல் எடுத்து, மறுபடி வளைத்துப் பார்த்து, இரு கரங்களும் ஒன்றுபோல் வளையும்வரை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். அந்தப் பொறுமை முடியும்போதுதான் வில்லுக்கு ‘இத்தனை கிலோ இழுவை’ என்று, நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசையைச் சொல்லும் ஓர் எண் பிறக்கிறது. ஓட்ஸியின் வில்லுக்கு அந்த எண் இன்னும் பிறக்கவில்லை. அதன் மாதிரியைச் செய்து இழுவையை அளந்து சொல்பவர்கள், எவ்வளவு மரத்தைச் சீவித் தள்ள வேண்டும் என்று தாங்களே முடிவு செய்த மாதிரியின் இழுவையைத்தான் சொல்கிறார்கள். அதை ஓட்ஸியின் வில் வலிமை என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்.

வில்லுக்கு எண் பிறக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தண்டுகளுக்கு வருவோம்.

தண்டு

12 தண்டுகளும் வைபர்னம் லண்டானா என்ற புதர்ச்செடியின் கிளைகள். பட்டை உரித்தவை. நீளம் 84 முதல் 87 செ.மீ. வரை. வெவ்வேறு செடிகளிலிருந்து வெட்டிய 12 கிளைகள் 3 செ.மீ. வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன என்றால், ஒரு அளவுகோலை வைத்து வெட்டியிருக்கிறான் என்றே பொருள். ஓடும் அவசரத்தில் வெட்டியவை இப்படி அமையாது.

மரத்தண்டு செய்ய இரண்டு வழிகள் உண்டு. பெரிய மரத்தைப் பிளந்து, பிளாச்சு எடுத்து, உருண்டையாகச் சீவுவது ஒன்று. வடஜெர்மனியில் ஸ்டெல்மூர் என்னுமிடத்தில் கிடைத்த, பனியூழிக் கடைசியைச் சேர்ந்த பைன் அம்புகள் அவ்வகை. மற்றொன்று, இயற்கையாகவே நேராக வளர்ந்த இளங்கிளையை வெட்டிப் பட்டை உரித்துக்கொள்வது. பிளந்த தண்டில் நாரோட்டம் எங்காவது பக்கவாட்டில் ஓடி வெளியேறினால், எய்யும் விசையில் அந்த இடத்தில் பிளந்து வில் பிடித்த கையில் ஏறும். கிளைத்தண்டில் இந்த ஆபத்து குறைவு. நார் அடி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடுகிறது. உள்ளே சோறு எனப்படும் மென்மையான பஞ்சுப் பகுதி இருந்தாலும் சுற்றியுள்ள கட்டை முழு வளையம். மோதலில் கிளைத்தண்டு தாக்குப்பிடிக்கும் விதத்துக்குப் பிளந்த தண்டு ஈடாகாது என்பது என் கருத்து. இறந்த விலங்கின் பாரம் சாய்ந்தோ, குறி தவறிப் பாறையில் மோதியோ அடிபடும் வேட்டை அம்புக்கு அந்த உறுதி சிறிய விஷயமல்ல.

கிளைத்தண்டுக்கு விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும். பச்சைக் கிளை காயும்போது முறுக்கிக்கொள்ளும். கட்டாகக் கட்டி மெதுவாகக் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் தணலில் காட்டி, சூட்டில் இளகும்போது விரல்களுக்கிடையில் வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கணுக்கள் உள்ள இடம் பிடிவாதம் பிடிக்கும். ஒருநாள் நேராக்கியது மறுவாரம் ஈரக்காற்றில் மீண்டும் வளையும், மறுபடி தணல். காயாத தண்டில் இறகு கட்டினால், மரம் சுருங்கியதும் கட்டு தளர்ந்துவிடும். ஆகவே பட்டை உரித்த தண்டுகள் கொஞ்ச நாள் ‘ஒன்றும் ஆகாத’ நிலையில் கிடப்பது வேலையின் ஓர் அங்கம். அவற்றைக் கூடவே எடுத்துச் செல்லத் தோதான இடம் தூணிதான்.

அடுத்தது விறைப்பு. என் வாதத்தின் அச்சாணி இதுதான். நடுவில் அம்புக்கென்று தட்டு வெட்டப்படாத வில்லில், அம்பு வில்லின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. நாணோ நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறது. நாண் விடுபட்டதும் அம்பு முதலில் வளைகிறது, வில்லைச் சுற்றி நெளிந்து வெளியேறுகிறது, பிறகு ஆடி ஆடி நேராகிறது. வலக்கையால் இழுப்பவருக்கு, தண்டு அளவுக்கு மீறி விறைத்திருந்தால் அம்பு இடப்பக்கம் விலகும். மீறி நெகிழ்ந்திருந்தால் வலப்பக்கம் விலகும். தண்டின் விறைப்பு வில்லின் விசைக்கு இணையாக இருந்தால் மட்டுமே பார்த்த இடத்தில் விழும்.

இன்று மர அம்பு செய்பவர்கள் இதை அளந்து செய்கிறார்கள். 66 செ.மீ. இடைவெளியில் இரண்டு தாங்கிகள். தண்டை அவற்றின்மேல் கிடத்தி நடுவில் 907 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு சரிகிறது என்று பார்க்கிறார்கள். சுமார் 13 மி.மீ. சரிந்தால் அது ஏறக்குறைய 50 பவுண்டு, அதாவது 23 கிலோ இழுவையுள்ள வில்லுக்கான தண்டு. குறைவாகச் சரிந்தால் இன்னும் வலிய வில்லுக்கு. எடைக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: 50 பவுண்டு வில்லுக்கு மொத்த அம்பும் சுமார் 32 கிராம். அதைவிட மிகவும் இலேசான அம்பு வில்லை உதறவைக்கும். விலங்கின் உடலில் போதிய ஆழம் போகாது.

ஓட்ஸியிடம் தராசு இல்லாமல் இருக்கலாம், கை இருந்தது. தண்டின் இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பார்க்கும் பழகிய கை, நல்லதையும் பொல்லாததையும் பிரித்துவிடும். சிக்கல் எங்கே என்றால், விறைப்பு தண்டின் தடிமனோடு நேர்விகிதத்தில் போவதில்லை. தடிமனின் நான்காம் அடுக்காகப் போகிறது. 9 மி.மீ. தண்டைவிட 10 மி.மீ. தண்டு ஏறத்தாழ 52 சதவீதம் விறைப்பு அதிகம். 9 மி.மீ. தண்டில் சுற்றிலும் கால் மில்லிமீட்டர் சுரண்டிவிட்டால், விட்டம் 8.5 ஆகி, ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும். உலர்ந்த சிக்கிமுக்கிச் சில்லால் நாலைந்து முறை இழுத்தாலே கால் மில்லிமீட்டர் போகும். போனதை ஒட்டவைக்க முடியாது.

இப்போது அவன் நிலையில் நின்று பாருங்கள். வில் முடியவில்லை, அதன் இழுவை எவ்வளவாக நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. யூ மரத்தில் ஒரு கணு குறுக்கிட்டால், நினைத்ததைவிட மெலிதாகச் சீவ நேரிடும். வில் மெலிந்தால் அம்பும் மெலிய வேண்டும். இந்த நிலையில் தண்டைக் கடைசி அளவுக்குச் சுரண்டுவது மடத்தனம். பட்டையை உரித்து, நீளத்துக்கு வெட்டி, தடிமனாகவே விட்டுவைப்பது ஒன்றுதான் அறிவுள்ள வேலை. வில் பிறந்த பிறகு, முனையும் இறகும் இல்லாத தண்டு ஒன்றிரண்டை எய்து பார்த்து, எந்தப் பக்கம் விலகுகிறது என்று அறிந்து, பிறகு மற்றவற்றைச் சீவலாம். இன்றும் பழைய பாணி வில்லாளர்கள் இறகில்லாத தண்டை எய்துதான் பொருத்தம் பார்க்கிறார்கள். வில்லை முடிப்பதற்குள் 12 தண்டையும் முடித்திருந்தால்தான் நான் அவனைப் பற்றிக் குறைவாக எண்ணியிருப்பேன்.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். கைவிரிப்பு ஏறக்குறைய உயரத்துக்குச் சமம். அதை இரண்டரையால் வகுத்தால் இழுவை நீளத்துக்கு ஒரு நெருங்கிய கணக்கு கிடைக்கும். 160 செ.மீ. ஆளுக்கு அது 64 செ.மீ. தண்டுகளோ 85 சொச்சம். 20 செ.மீ. மிகுதி எதற்கு? வெட்டிக் குறைப்பதற்காக விட்ட உபரி என்று சொல்லிவிடலாம். ஆனால் முடித்த இரண்டு அம்புகளும் அதே நீளத்தை ஒட்டியவைதான். எனவே நீள அம்பே அவன் விருப்பம் என்று கொள்ள வேண்டும். நீளமான அம்பு காற்றில் நிதானமாகப் போகும். முன்பக்கம் கனம் சேரும். முனையருகே முறிந்தால் முறிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இன்னொரு முறை முனை பொருத்த மரம் மிச்சமிருக்கும். கடைசிக் காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. பொருள் கிடைப்பதற்கு அரிதான இடத்தில் வேட்டையாடுபவன் முறிவைக் கணக்கில் வைத்தே அம்பு செய்வான்.

முடித்த இரண்டு அம்புகள்

இரண்டில் ஒன்று ஒரே தண்டு அல்ல. வைபர்னம் தண்டின் முன்னால் கார்னஸ் இனத்துக் கட்டையில் செய்த சிறு முன்தண்டு சொருகியிருக்கிறது. கார்னஸ் கனமும் கடினமும் மிக்க மரம். சிக்கிமுக்கி முனை சில கிராம்தான் தேறும். இன்றைய வேட்டை அம்பின் எஃகு முனையோ பெரும்பாலும் 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். அந்த எடைக் குறையை முன்தண்டு ஈடுசெய்கிறது. அம்பின் கனம் முன்னால் இருந்தால், பின்னாலுள்ள இறகு அதைத் திருத்துவது எளிது; எலும்புக்கிடையில் நுழையும்போதும் பின்பாதி முன்பாதியை வளைத்துத் தள்ளாது. இன்னொரு பயன், பழுது பார்ப்பது. அம்பில் முதலில் முறிவது முனையை அடுத்த ஒரு விரற்கடை. அந்த இடம் தனித் துண்டாக இருந்தால், அதைப் பிடுங்கி எறிந்து வேறொன்றைச் சொருகிக்கொள்ளலாம். இறகு கட்டிய பின்பாதி பிழைத்துக்கொள்ளும். இந்த முன்தண்டு முறிந்த அம்புக்குப் போட்ட ஒட்டாகவும் இருக்கலாம் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் பின்பாதியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

பின்பாதியைக் காப்பாற்றுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இறகுக் கட்டைக் கிட்டப் பார்த்தால் விளங்கும். ஈர்க்கை, அதாவது இறகின் நடுத்தண்டை, நெடுகப் பிளந்த மூன்று அரை இறகுகள் தண்டைச் சுற்றிச் சம இடைவெளியில் நிற்கின்றன. பிர்ச் மரப்பட்டைத் தார் பூசிய படுகையில் அவை பதிந்திருக்கின்றன. அதற்குமேல் மெல்லிய நூல், இறகின் நுண்ணிழைகளுக்கு ஊடே, ஓர் இழையையும் மடக்காமல், திருகுச் சுருளாக முன்னிருந்து பின்னோக்கி ஓடுகிறது. இப்படிச் சுற்றிப் பார்த்தவருக்குத் தெரியும்: தார் இளகியிருக்கும் சிறு பொழுதுக்குள் மூன்று இறகையும் நேராக நிறுத்தி, நூலை இழைகளுக்கு நடுவே ஓர் ஊசி முனையால் வகிடெடுத்து வகிடெடுத்துச் செலுத்த வேண்டும். மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்; இடச்சிறகும் வலச்சிறகும் கலந்தால் ஒன்று ஒரு பக்கம் சுழற்றும், மற்றொன்று எதிர்ப்பக்கம் இழுக்கும்.

தார் வேறு சும்மா கிடைப்பதல்ல. பிர்ச் பட்டையைக் காற்றுப் புகாமல் மூடி, 350 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வாட்டினால் கசிந்து சேர்வது அது. காற்று புகுந்தால் பட்டை எரிந்துபோகும். ஆனால் ஒரு முறை செய்துவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சூடாக்கி இளக்கலாம். கழன்ற முனையை மீண்டும் பொருத்தத் தணல் ஒன்று போதும்.

இரண்டு அம்புகளிலும் நூல் சுற்றிய திசை ஒன்றல்ல. ஒன்று வலக்கைக்காரர் வேலை, மற்றது இடக்கைக்காரர் வேலை என்று சில ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். தண்டை மடியில் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே ஆளே இரண்டு திசையிலும் சுற்றலாம். அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்புகள் கைமாறுவது உலகெங்கும் உள்ளதுதான்.

பட்டியலில் இல்லாதவை

தூணிக்குள் தண்டுகள் தவிர வேறு சிலவும் இருந்தன. சுருட்டிய நாண் ஒன்று. மூன்று புரியாக முறுக்கியது. நெடுநாள் மரநார் என்று எண்ணப்பட்ட அது விலங்கின் தசைநார் என்று பிற்கால ஆய்வில் தெரியவந்தது. நனைந்தால் நீண்டுவிடும் நாணை மூடியுள்ள தூணிக்குள் வைப்பதுதான் முறை. மரநார் இழையால் சேர்த்துக் கட்டிய நான்கு மான்கொம்புத் துண்டுகள். வளைந்த கொம்பு ஊசி ஒன்று. முறுக்காத தசைநார்க் கட்டு இரண்டு.

இடுப்புப் பக்கம் ஒரு கருவி இருந்தது. லிண்டன் மரக் கட்டையின் நடுவில் துளையிட்டு, நெருப்பில் கடினப்படுத்திய மான்கொம்புக் குச்சியை உள்ளே செலுத்தியது. பார்க்கப் பென்சில் போலவே இருக்கும், தேயத் தேயக் கட்டையைச் சீவிக்கொள்ளலாம். சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பில் அதை அழுத்தினால் பொடிச் சில்லுகள் தெறித்து விளிம்பு கூராகும்.

ஆக, நாண் இருக்கிறது, கட்டுவதற்குத் தசைநார் இருக்கிறது, முனை தீட்டக் கருவி இருக்கிறது, கொம்பு இருக்கிறது. இல்லாதவை இறகு, தார்க் கட்டி, முனை செய்வதற்கு ஏற்ற புதுக்கல். ஒரு கட்டுப் புல்லையும் தோலையும் காத்துவைத்த பனி, இறகுக் கட்டு ஒன்றை மட்டும் தின்றிருக்கும் என்று நம்புவது கடினம். 2018இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வு, அவனுடைய கல் கருவிகள் எல்லாமே பலமுறை தீட்டித் தேய்ந்த நிலையில் இருந்தன என்று காட்டியது. கல் வந்தது தெற்கே ட்ரென்டினோ பகுதியிலிருந்து. அவன் இறந்த இடத்திலிருந்து பல நாள் நடை. கல் கிடைத்துப் பல நாள் ஆகியிருந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

என் வாசிப்புக்கு இது ஓரளவு தொல்லை தருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. முறையாகத் திட்டமிட்டவன் என்றால் கல்லும் இறகும் ஏன் இல்லை? அவை அடுத்த கட்டத்துக்கு உரியவை என்று பதில் சொல்லலாம். அதைவிட, கல் கிடைக்கும் திசைக்குப் போக முடியாத நிலை ஒன்று அவனுக்கு இருந்தது என்று கொள்வதே நேர்மை. திட்டமும் நெருக்கடியும் ஒரே ஆளிடம் ஒரே வேளையில் இருக்கக்கூடாது என்று விதியில்லை.

வேலை எங்கே நின்றது

அதே 2018 ஆய்வு அவன் வலக்கைப் பழக்கமுள்ளவன் என்றும் சொன்னது. வலக் கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஆழமான வெட்டுக் காயம் இருந்தது. ஆறத் தொடங்கியிருந்த காயம். இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் பட்டது. கைகலப்பில் கத்தியைத் தடுத்தபோது பட்டிருக்கும் என்பது பொதுவான கணிப்பு.

வில்லைச் சுரண்டும் கை அது. கல்லைத் தீட்டும் கை, நூலைச் சுற்றும் கை, நாணை இழுக்கும் கையும் அதுவே. கட்டைவிரல் இடுக்கில் அப்படியொரு வெட்டோடு கோடரியை வீசலாம், பல்லைக் கடித்துக்கொண்டு. கட்டைவிரலால் அளந்து அளந்து சீவும் நுண்வேலை நடக்காது. கோடரி வேலை முடிந்து, சுரண்டல் தொடங்காத நிலையில் வில் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

குடலில் இருந்த மகரந்தம் கடைசி நாட்களின் பாதையைக் காட்டுகிறது. உயரத்திலிருந்து பள்ளத்தாக்கு வரை இறங்கி, மீண்டும் மேலே ஏறியிருக்கிறான். வெதுவெதுப்பான தாழ்நிலக் காட்டில் பூக்கும் ஹாப் ஹார்ன்பீம் மரத்தின் மகரந்தம் அதற்குச் சாட்சி. யூவும் வைபர்னமும் மேலே கிடைக்காது. கீழேதான் வெட்டியாக வேண்டும். இரைப்பையில் ஐபெக்ஸ் காட்டாட்டின் இறைச்சியும் சிவப்பு மான் இறைச்சியும் இருந்தன. அந்த இறைச்சியை வீழ்த்திய வில்லும் அம்பும் எங்கோ இருந்திருக்கின்றன. அவை போன பிறகுதான் இந்தப் புதிய தொகுதி தொடங்கியிருக்க வேண்டும்.

தோளில் இருந்த முனை

பத்தாண்டுகள் அந்த உடலை வைத்து ஆராய்ந்த பிறகு, 2001இல் எக்ஸ்ரே படம் ஒன்றில் இடத் தோளுக்குள் ஒரு நிழல் தெரிந்தது. சிக்கிமுக்கி அம்புமுனை. பின்புறமிருந்து பாய்ந்து, தோள்பட்டை எலும்பைத் துளைத்து உள்ளே தங்கியிருந்தது. 2007இல் வெளியான ஆய்வு, காறை எலும்புக்குக் கீழே ஓடும் தமனி கிழிபட்டிருந்ததை உறுதிசெய்தது. ரத்தப்போக்கை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது.

அந்த முனை சிறியதுதான். கற்கால முனைகளை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். சிக்கிமுக்கியின் புதுவிளிம்பு கண்ணாடிச் சில்லைப்போலக் கூரானது. தசையையும் குழாயையும் கிழித்துப் போகும். எலும்பில் மோதினால் உடையும் என்பது அதன் குறை. இங்கே எலும்பின் மெலிந்த பகுதியைத் துளைத்தும் வேலையை முடித்திருக்கிறது. முழு விறைப்பும் பொருந்திய தண்டு, எடை சரியாக வைத்த அம்பு, போதிய இழுவையுள்ள வில் ஆகிய மூன்றும் எய்தவனிடம் இருந்திருக்கின்றன. ஓட்ஸியிடம் இல்லாத மூன்றும் அவைதான்.

தோளில் முனை மட்டும் இருந்தது, தண்டு இல்லை. அருகிலும் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகக் கொலையாளி பிடுங்கிக்கொண்டான் என்று ஒரு விளக்கம் உண்டு. ஓட்ஸியே பிடுங்க முயன்றிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். பின்தோளுக்குக் கையை வளைத்துப் போடச் சொன்னால் அது எவ்வளவு சிரமம் என்பது புரியும். எனக்கு எய்தவனே எடுத்ததாகத்தான் படுகிறது, அதற்கு மறைக்கும் நோக்கம் தேவையில்லை. ரத்தத்தில் நனைந்த கட்டு தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு முனை உள்ளேயே நின்றுவிடும். வேட்டையில் இது வாடிக்கை. முனை இன்னொன்று தீட்டிக்கொள்ளலாம். காயவைத்து, நேராக்கி, வில்லுக்கு ஏற்ப இழைத்து, மூன்று இறகு கட்டிய தண்டை மலையில் விட்டுவிட்டு வர எந்த வில்லாளனுக்கும் மனம் வராது.